ஆட்டின் புழுவும் மண்ணின் மருந்தும்



பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாக்பூரிலும் குடியேறி வாழும் நமக்கும் ஆடு மாடுகளுக்கும் இனி என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். காலையில் வாயிலுக்கு வரும் பாலோடும், ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையோடும் அத்தொடர்பு முடிந்துவிட்டது என்று கருதுவாரும் உளர். ஆனால் நம்மில் பலருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் இன்றும் ஊரில் ஆடு வளர்க்கின்றனர். நாம் மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி அங்கே குட்டிகளாகக் கொட்டிலில் நிற்கிறது. பெண்ணின் படிப்புக் கட்டணத்துக்கும் எதிர்பாராத மருத்துவச் செலவுக்கும் கைகொடுக்கும் சேமிப்பு அதுவே. அச்சேமிப்பைச் சத்தமின்றி அரித்துத் தின்னும் ஒரு புழுவைப் பற்றியும், அப்புழுவை வெல்லும் ஒரு மருந்தைப் பற்றியும் இன்று சிறிது ஆராய்வோம்.

மும்பையில் பணிபுரியும் நண்பர் ஒருவரின் அனுபவமே நம்மை இவ்வுரைக்குத் தூண்டிற்று. அவருடைய தாயார் திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு சிற்றூரில் 12 வெள்ளாடுகள் வளர்த்து வந்தார். ஒரு கார்த்திகை மாதம், மழை ஓய்ந்த வேளையில், ஆடுகள் ஒவ்வொன்றாய் மெலியத் தொடங்கின. தாடையின் கீழ் நீர் கோத்துப் பை போல் தொங்கிற்று. மேய்ச்சலில் மந்தைக்குப் பின்தங்கின. இரண்டு மாண்டும் போயின. செய்தி தொலைபேசியில் வந்தது. நண்பர் கடைக்குச் சென்று, தமக்குத் தெரிந்த இந்தியில் 'கீடே கீ தவா' என்று கேட்டு, ஐவர்மெக்டின் என்னும் ஊசி மருந்துக் குப்பி ஒன்றை வாங்கி, ஊருக்குப் புறப்பட்ட உறவினர் கையில் கொடுத்தனுப்பினார். பத்துப் பதினைந்து நாளில் ஆடுகள் தேறின. "ராசா, நீ குடுத்துவிட்டது மருந்து இல்லைய்யா, அமுதம்" என்றாராம் தாயார்.

அன்று முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆடுகளுக்கும் அந்த ஊசி கண்ணளவில் போடப்பட்டு வந்தது. மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அதே மருந்து, அதே கை, அதே கொட்டில். ஆடுகள் மட்டும் தேறவில்லை. ஐந்து ஆடுகள் மடிந்தன. மருந்து போலியோ என்று நண்பர் ஐயுற்றார். மருந்து போலி அன்று. பின் என்ன நேர்ந்தது? அதனை உணர வேண்டுமாயின், அம்மருந்து விலங்கின் உடலில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முதலில் புழுவைப் பார்ப்போம். ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் நான்காம் அறையில் குடியிருப்பது ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்னும் உருண்டைப்புழு. பெண்புழு ஏறக்குறைய ஓர் அங்குல நீளம் இருக்கும். குருதி நிறைந்த அதன் சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறச் சினைப்பை முறுக்கிக்கொண்டிருப்பதால், சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்துத் திரித்தாற்போல் காணப்படும். ஒரு புழுவினால் நாளொன்றுக்கு ஆடு இழக்கும் குருதி சுமார் 0.05 மில்லிலிட்டர். அற்பம் என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஆட்டின் வயிற்றில் 1000 புழுக்கள் இருப்பின் இழப்பு நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் ஆகிறது. 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் மொத்தமே ஒன்றரை லிட்டர் குருதிகூட இராது என்பதை நினைத்தால் இக்கொள்ளையின் கொடுமை விளங்கும். குருதியோடு அதிலுள்ள புரதமும் போய்விடுவதால், நீர் இரத்தக்குழாய்களில் தங்காது கசிந்து தாடையின் கீழ் சேர்கிறது. நண்பரின் தாயார் கண்ட வீக்கம் அதுவே.

ஒரு பெண்புழு ஒரு நாளில் 5000க்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அவை புழுக்கையோடு வெளிவந்து, ஈரமும் வெதுவெதுப்பும் வாய்த்தால் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் நோய் பரப்பும் பருவத்தை அடைகின்றன. அவ்விளம்புழுக்கள் புல்லின் மேல் படிந்த ஈரத்தில் நெளிந்து ஏறி, மேயும் ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கின்றன. வயிற்றை அடைந்தபின் மூன்று வாரத்தில் முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. மழைக்குப் பின் இந்நோய் மிகுவதன் காரணம் இதுவே. தமிழகத்தில் அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியும், வடநாட்டில் ஆவணி, புரட்டாசி மாதங்களை ஒட்டியும் தலைகாட்டும்.

இனி மருந்தின் வரலாறு. ஜப்பானில் கிட்டசாட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த சதோஷி ஓமுரா என்னும் வேதியியல் அறிஞர், 1970களின் தொடக்கத்தில், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து புதிய மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஷிசுவோகா மாநிலத்தில் இட்டோ நகரின் கவானா என்னுமிடத்தில், ஒரு கோல்ஃப் மைதானத்தை அடுத்து எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே வில்லியம் கேம்பெல் என்னும் ஒட்டுண்ணியியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும், புழு பாதித்த சுண்டெலிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது, புழுக்கள் அற்றுப்போயின. அந்நுண்ணுயிர் சுரந்த பொருளுக்கு அவர்மெக்டின் என்று பெயரிட்டனர். அதனைச் சிறிது மாற்றியமைத்துப் பெற்றதே ஐவர்மெக்டின். அது 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. இப்பணிக்காக இவ்விருவரும் 2015ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். அதன் பின் உலகெங்கும் எத்தனையோ மண்ணைத் தோண்டிப் பார்த்தும், இம்மருந்தைத் தரும் அந்நுண்ணுயிர் அந்த ஒரு பிடி ஜப்பானிய மண்ணிலிருந்து மட்டுமே கிடைத்திருக்கிறது என்பது வியப்புக்குரியது.

மருந்து வேலை செய்யும் விதம் யாது? நஞ்சு புழுவைக் கொல்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நடப்பது அதனினும் நுட்பமானது.

புழுவின் நரம்புகளிலும் தசைகளிலும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. குளுட்டமேட் என்னும் தூதுப்பொருள் வந்து தொட்டால் அவை ஒரு கணம் திறக்கும். திறந்த வழியே குளோரைடு என்னும் மின்னூட்டம் பெற்ற துகள்கள் உட்புகும். உடனே வாயில் மூடிக்கொள்ளும். குளோரைடு புகுந்தால் நரம்பும் தசையும் சற்று அடங்கும். வெளியேறினால் மீண்டும் துடிக்கும். இங்ஙனம் அடங்குவதும் துடிப்பதும் மாறி மாறி நிகழ்வதாலேயே புழு நெளிகிறது, உண்கிறது, வாழ்கிறது.

ஐவர்மெக்டின் இந்த வாயிலின் இடுக்கில் சென்று அமர்ந்துகொள்கிறது. கதவிடுக்கில் ஆப்பு வைத்தாற்போல, திறந்த வாயிலை மூடவொட்டாமல் தடுக்கிறது. இது வெறும் உவமை அன்று. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வாயிலையும் அதில் பொருந்திய மருந்தையும் படிகமாக்கிப் படம் பிடித்தபோது, வாயிலின் தூண்களுக்கு நடுவே மருந்து செருகி நிற்பதே காணப்பட்டது. வாயில் மூடாமையால் குளோரைடு இடைவிடாது உட்புகுகிறது. நரம்பு எவ்வளவு கூவினாலும் தசைக்குக் கேட்பதில்லை. தசை தளர்ந்து துவண்டுவிடுகிறது.

முதலில் செயலிழப்பன புழுவின் தொண்டைத் தசைகள். புழுவின் உடலுக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் இருப்பதால், தொண்டையை எக்கிபோல் இயக்கினாலொழிய அதனால் உணவை விழுங்க இயலாது. அந்த எக்கி நின்றதும் உணவு நிற்கிறது. அடுத்து உடல் தசைகள் சோர்கின்றன. இரைப்பைச் சுவரை ஒட்டி, உணவின் ஓட்டத்தை எதிர்த்து நெளிந்து நின்றுகொண்டிருந்த புழு, பிடி தளர்ந்து ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படுகிறது. ஆகவே மருந்து புழுவைக் கட்டிப்போடுகிறது. அதனை வெளியே தள்ளுவது ஆட்டின் குடலே எனலாம்.

அப்படியாயின் ஆடும் துவண்டு விழ வேண்டாவோ? விழுவதில்லை. ஏனெனில், குளுட்டமேட்டுக்குத் திறக்கும் இக்குளோரைடு வாயில் முதுகெலும்புள்ள விலங்குகளின் உடலில் இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் அது கிடையாது. அதற்கு உறவான வேறு வகை வாயில்கள் நம் மூளையில் உண்டு. மருந்து மிகுந்தால் அவற்றையும் தாக்கும். ஆனால் மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு காவல் உண்டு. உள்ளே நுழைய முயலும் மருந்தை அக்காவல் பிடித்து மீண்டும் குருதிக்கே தள்ளிவிடுகிறது.

இக்காவலின் பெருமை தற்செயலாக வெளிப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், இக்காவலை அமைக்கும் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை வளர்த்துவந்தனர். எலிகளின் உடலில் பற்றிய சிறு பூச்சிகளை ஒழிக்க ஐவர்மெக்டினைத் தெளித்தபோது, ஏனைய எலிகள் நலமாயிருக்க, இவ்வெலிகள் மட்டும் மாண்டன. அவ்வாய்வு 1994இல் வெளியாயிற்று. கோலி என்னும் நாய் இனத்தில் சில நாய்கள் இம்மருந்தால் மயங்கி மடிவதற்கும் அதே மரபணுவின் குறையே காரணம் என்பது 2001இல் தெளிவாயிற்று. ஆதலின், ஆட்டுக்கு வாங்கிய மருந்தை வீட்டு நாய்க்கும் சிறிது போடுவோம் என்று எண்ணுதல் கூடாது.

மருந்தின் எல்லையும் இதே விளக்கத்திலிருந்து புலப்படும். உருண்டைப்புழுக்களுக்கு இவ்வாயில் உண்டு. சொறியை உண்டாக்கும் பூச்சிகளுக்கும் குருதி உறிஞ்சும் பேன்களுக்கும் உண்டு. ஆகவே வயிற்றுப் புழுவும் தோல் பூச்சியும் ஒரே மருந்துக்கு அடங்குகின்றன. ஆனால் நாடாப்புழுவையும் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவையும் இம்மருந்து ஒன்றும் செய்வதில்லை. அதற்கு இணங்கும் வாயில் அவற்றிடம் இல்லை. வங்கம், அசாம் போன்ற நீர்ப்பாங்கான நாடுகளில், நத்தை வாழும் வயலோரம் மேயும் மாடு இளைத்தால், அதற்குக் காரணம் தட்டைப்புழுவாக இருக்கலாம். அங்கே ஐவர்மெக்டினை எத்தனை முறை குத்தினாலும் பயன் விளையாது. இல்லாத கதவில் ஆப்பு வைப்பது எங்ஙனம்?

இனி நண்பரின் கதைக்குத் திரும்புவோம். ஒரு கொட்டிலில் உள்ள ஆயிரக்கணக்கான புழுக்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சில புழுக்கள், பிறப்பிலேயே, மருந்தைத் தம் உடலிலிருந்து வெளியே தள்ளும் ஆற்றல் சற்று மிகுந்தவையாய் இருக்கும். நம் மூளையைக் காக்கும் காவலை ஒத்த ஒன்று புழுக்களிடமும் உண்டு. மருந்தை அளவு குறைத்துப் போட்டால் மெலிந்த புழுக்கள் ஒழிந்து, இத்தகைய வலிய புழுக்கள் எஞ்சுகின்றன. எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் போட்டால், அதன் பின் புல்லில் விழும் முட்டைகள் அனைத்தும் எஞ்சிய வலிய புழுக்களின் முட்டைகளே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதனைச் செய்தால், நாமே தேர்ந்தெடுத்து விதை நெல் சேர்ப்பதுபோல, மருந்துக்கு அஞ்சாத புழு இனத்தை வளர்த்தவர்களாகிறோம். தாயாரின் கொட்டிலில் நடந்தது இதுவே. தென்னாப்பிரிக்காவில் ஆட்டு மந்தைகளில் இம்மருந்துக்கு அடங்காத ஹீமாங்கஸ் புழு 1980களிலேயே, அதாவது மருந்து வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே, தோன்றிவிட்டது.

இதற்கு அறிஞர் கண்ட மாற்று, கேட்கச் சற்று விந்தையாய் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் மருந்திடாதீர் என்பதே அது. மந்தையில் புழுக்கள் சமமாகப் பரவியிருப்பதில்லை. நூற்றுக்கு 20 முதல் 30 வரையிலான ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. அவற்றுக்கு மட்டும் மருந்திட்டால் நோய் தணியும். மருந்து படாத ஏனைய ஆடுகளின் புழுக்கள் மருந்துக்கு அடங்கும் பழைய இனத்தைப் புல்வெளியில் காத்து வைக்கும். வலிய புழுக்கள் அவற்றோடு கலந்து வலிமை குன்றும்.

எந்த ஆட்டுக்குப் புழு மிகுதி என்று அறிவது எப்படி? தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலான் என்பவர் பெயரால் வழங்கும் ஃபமாச்சா அட்டை இதற்கு வழி காட்டுகிறது. ஆட்டின் கீழ் இமையை மெல்லத் தாழ்த்தி, உள்ளிருக்கும் நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பாயின் மருந்து வேண்டா. வெளிறியிருந்தால் வேண்டும். எழுத்தறியாதாரும் ஒரு நாள் பழக்கத்தில் இதனைக் கற்கலாம்.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடந்துவருகிறது. ராஜஸ்தானத்தில் அவிகாநகர் என்னுமிடத்தில், 1962இல் நிறுவப்பட்ட மத்தியச் செம்மறியாட்டு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. நீண்ட கோடையில் புல்லிலுள்ள இளம்புழுக்கள் தாமே மடிந்துவிடும் அவ்வறண்ட பகுதிக்கு, மழைக்காலத்தின் நடுவிலோ பிற்பகுதியிலோ ஆண்டுக்கு ஒருமுறை மருந்திட்டாலே போதும் என்னும் முறையை அந்நிலையத்தார் வகுத்தனர். 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நாட்டில் 14.88 கோடி வெள்ளாடுகளும் 7.42 கோடி செம்மறியாடுகளும் உள்ளன. இவற்றைக் காக்கும் மருந்து வகைகளோ மிகச் சிலவே. ஆல்பெண்டசோல் ஒரு வழியில் புழுவின் உடலமைப்பைக் குலைக்கிறது. லெவாமிசோல் தசையை இறுக்கிப் பிடிக்கச் செய்கிறது. ஐவர்மெக்டின் தசையைத் தளர்த்துகிறது. ஒரு வழி அடைபட்டால் மறுவழியை நாடலாம். யாவும் அடைபட்டால் நாடுவதற்கு வழி ஏது?

மற்றுமிரண்டு செய்திகளைச் சுருங்கச் சொல்வோம். இம்மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறுகிறது. சாணத்தை உண்டு மண்ணோடு கலக்கும் வண்டுகளின் குஞ்சுகளையும் அது தாக்குகிறது. இது 1987 முதல் அறியப்பட்ட உண்மை. மேலும், இது கொழுப்பில் கரையும் மருந்தாதலின் பாலிலும் கலக்கிறது. ஆதலால் கறவைப் பசுவுக்கும் எருமைக்கும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் இதனை இடலாகாது. அப்பாலைக் குடிப்பவர் நகரத்தில் வாழும் நாமும் நம் குழந்தைகளுமே.

மனிதருக்கும் இம்மருந்து பெருந்துணை புரிந்துள்ளது. ஆப்பிரிக்காவில் கண்பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருடு என்னும் நோய்க்கு 1987 முதல் இது விலையின்றி வழங்கப்படுகிறது. 2018இல் தொடங்கி, நம் நாட்டின் சில மாவட்டங்களில் யானைக்கால் நோயை ஒழிக்கவும் ஏனைய இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆனால் 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில், கொரோனாவுக்கும் இது மருந்தென்று நம்பிப் பலர் உண்டனர். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அதற்குப் பயன் காணப்படவில்லை. மாட்டுக்கு உரிய குப்பியை மனிதர் எடுத்தாளுதல் எக்காலத்தும் ஆபத்து. மாட்டுக்கு வழக்கமான அளவு கிலோ ஒன்றுக்கு 0.2 மில்லிகிராம். அதாவது நூற்றுக்கு ஒன்று வலிமையுள்ள ஊசி மருந்தாயின், 300 கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்கே 6 மில்லிலிட்டர்தான். இத்துணைச் செறிவான மருந்தில் கைப்பிழைக்கு இடமில்லை.

ஆகவே அன்பர்களே, ஊரிலிருந்து "புழு மருந்து வாங்கி அனுப்பு" என்று சொல் வந்தால், குப்பியை வாங்குமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். ஆட்டின் கண் இமை சிவந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா? எடை போட்டுப் பார்த்தீர்களா, அன்றிக் கண்ணளவா? புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி என்ன புழு என்று கேட்டீர்களா? சென்றமுறை போட்டது எந்த மருந்து, அது கேட்டதா? மருந்திடுமுன் ஒருமுறையும், இட்டபின் 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறையும் புழுக்கையிலுள்ள முட்டைகளை எண்ணிப் பார்த்தால், மருந்து கேட்கிறதா இல்லையா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். செம்மறியாட்டுக்கு உரிய அளவு வெள்ளாட்டுக்குப் பொருந்தாமையும் உண்டு. வெள்ளாட்டின் உடல் இத்தகைய மருந்துகளை விரைந்து கழித்துவிடும் இயல்புடையது. ஆகையால் அளவை மருத்துவரே சொல்லட்டும்.

நம் நண்பரின் தாயாருக்கு எஞ்சியவை ஐந்து ஆடுகள். அரசுக் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் புழுக்கையைச் சோதித்து, வேறு வகை மருந்தைக் கொடுத்தார், அவை பிழைத்தன. இப்போது அவ்வம்மையார் ஒவ்வொரு ஞாயிறும் ஆடுகளின் இமையைத் தாழ்த்திப் பார்க்கிறார். சென்ற மழைக்காலத்தில் இரண்டுக்கு மட்டுமே மருந்து தேவைப்பட்டதாம். மகன் மும்பையிலிருந்து குப்பி அனுப்புவதில்லை. வாரந்தோறும் தொலைபேசியில், "அம்மா, இமை சிவப்பா இருக்கா?" என்று கேட்கிறார். தொலைவில் வாழும் பிள்ளை ஊரிலுள்ள ஆட்டுக்குச் செய்யக்கூடிய நல்ல மருத்துவம், குப்பியினும், இவ்வொரு கேள்வியே என்பது நம் துணிபு.